ரோசம்மா அக்காவின் குடம்

காய்ந்த கோரை எரியும்போது சரவெடி மாதிரி வெடிக்கும். அந்தச் சத்தமும் கண்ணைக் கரிக்கிற அந்தப் புகையும் இந்த வயசிலும் என்னை விட்டுப் போகவில்லை.

கள்ளிக்குப்பத்தில் நான் பாவாடை கட்டித் திரிந்த காலம். அந்தக் கோடையில் கிணறெல்லாம் வற்றிப்போய் தண்ணீர் லாரிதான் கதி என்றாகிவிட்டது. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால், ஏரிக்குப் போகும் எங்கள் சந்தின் முனையிலிருந்து உள்ளே வரைக்கும் குடங்களை வரிசையாக வைத்துவிடுவோம். அதற்கு "இடம் போடுறது" என்று பேர். ஒருத்தி குடத்தை இன்னொருத்தி தொடக் கூடாது, தொட்டால் மயிர்பிடி சண்டைதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்தான் நான். ஆனாலும், காலிக் குடத்தை நம்பி வைத்துவிட்டு வேலைக்குப் போகிற தெரு எங்கள் தெரு என்று எங்கேயும் நிமிர்ந்து சொல்வேன்.

ஒரு மத்தியானம் வற்றிய ஏரியில் காய்ந்து நின்ற கோரை தீப்பிடித்தது. சந்தின் கடைசியில், ஏரியை ஒட்டினாற்போல் ரோசம்மா அக்காவின் மாட்டுக் கொட்டகை. அந்த ஒரு மாட்டுப் பாலில்தான் அவள் குடும்பமே ஓடியது. காற்று தீயை அந்தப் பக்கம் தள்ளவும், மாட்டை அவிழ்க்க அவள் ஓடினாள். மணியடித்துக்கொண்டு வந்த ஃபயர் வண்டியோ குடங்களைப் பார்த்துச் சந்து முனையிலேயே நின்றது.

"குடத்த எடுங்கம்மா!" என்று கத்தினார் டிரைவர். அவரவர் குடத்தை அவரவர் எடுத்தார்கள். ஆளில்லாத குடங்கள் அப்படியே நின்றன.

"முன்னால கீறது யாருது?"

"இன்னா தெரியும்? நான் தொட்டா நாளைக்கு என்னியதான் ஏசுவாளுங்க."

"மேல ஏத்திடாதே நைனா! நசுங்கிட்டா நீயா வாங்கித் தருவே?"

"அங்க எரிஞ்சிகினு கீது, நீ குடத்துக்கு அழுவுறியே தாயி!"

இந்த வாய்ச்சண்டையைப் பார்க்கவும் தீயைப் பார்க்கவும் பக்கத்துத் தெருக்காரர்கள் வேறு வந்து அடைத்துக்கொண்டார்கள். எங்கள் அப்பா என்னைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டினார். கடைசியில் ஒரு தீயணைப்புக்காரர் இறங்கிக் குடங்களைக் காலால் தள்ளி வழி பண்ணுவதற்குள் கொட்டகைக் கூரை உள்ளே விழுந்துவிட்டது. தோளில் இருந்ததால் எனக்கு அது நன்றாகவே தெரிந்தது.

ரோசம்மா அக்கா வெந்த கையில் கயிற்றுத் துண்டோடு வந்தாள். மாடு வரவில்லை. முனையில் உருண்டு கிடந்த முதல் குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"என்னுதுதான். தள்ளி வெக்க ஒருத்திக்கும் கை வரலியா?"



இப்போது குழாய் வந்துவிட்டது, இடம் போடுகிற வழக்கம் போய்விட்டது, ஏரியில் பாதி வீடாகிவிட்டது, ரோசம்மா அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன கோடையில் மிச்சமிருந்த கோரை எரிந்தபோது அதே சந்தில் இரண்டு பக்கமும் பைக்குகள் நிற்க, ஆளாளுக்குச் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்க, "யாரு வண்டி இது?" என்று ஃபயர் வண்டிக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

என் வாசலில் ஒரு வண்டியையும் நான் நிறுத்த விடுவதில்லை. பேரன் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே ஏற்றி வைப்பான். வெளியே கோலம் மட்டும்தான் இருக்கும்; சக்கரம் ஏறி அழிந்தால் மறுநாள் போட்டுக்கொள்ளலாம்.