அப்பாவின் ட்ரம்பெட்டும் வாலிபர் கூட்டமும்

எங்கள் சபை வாலிபர் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து கிடாரோடு ஒரு பிரதர் வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பா சங்கராபுரத்தில் ஒரு பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசித்தார். கரும்பு வெட்டு இல்லாத மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அதில்தான். மூங்கில்துறைப்பட்டில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அவர் சினிமாக் காதல் பாட்டு வாசித்ததை யாரோ புண்ணியவான் போனில் படம் பிடித்துப் போதகரிடம் காட்டிவிட்டான். கர்த்தரைத் துதிக்கிற வாயால் உலகப் பாட்டு ஊதலாமா என்று அப்பமும் ரசமும் எடுக்கும் திருவிருந்திலிருந்து அப்பாவை நிறுத்தி வைத்தார்கள். தொழிலை விட்டுவிட்டு, சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வார்களாம். அப்பா கேட்கவில்லை. ஆராதனைக்கு வருவதையும் விடவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து, அப்பத்தட்டு வந்ததும் தொடாமல் பக்கத்து ஆளிடம் கொடுப்பார். பெண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்த வாலிபர் கூட்டத்தில் சென்னைப் பிரதர் ஸ்பீக்கரில் ஒரு பாட்டைப் போட்டார். அப்பா வாசித்த அதே பாட்டு. போதகர் முன்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாட்டுல இயேசு எங்க இருக்காரு, சொல்லுங்க பார்ப்போம்" என்றார் பிரதர்.

காதலிக்காகக் காத்திருப்பவன் நல்ல மேய்ப்பன் மாதிரி என்றான் ஒருவன். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"எங்கப்பா வாசிச்சப்ப இயேசு எங்க போயிருந்தாருங்க?"

பிரதருக்கு ஒன்றும் புரியவில்லை. போதகர்தான் திரும்பினார். "அது வேறம்மா. இது ஊழியம். பிள்ளைங்கள உள்ள இழுக்கத்தான்."

"எங்கப்பா உள்ளதான் கீறாருங்க ஐயா. நீங்கதான் வெளிய தள்ளிக்கினு கீறீங்க."

உட்காரச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு தட்டு என்னிடம் வந்தபோது நானும் தொடாமல் தள்ளிவிட்டேன். போதகர் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன். பார்த்தது அப்பா. தன்னை ஒதுக்கியதைப் பல்லைக் கடித்துத் தாங்கிய மனுஷனால் இதைத் தாங்க முடியவில்லை. எழுந்து முன்னால் நடந்தார்.

"நான் வாசிக்கறத வுட்டுர்றேங்க. மன்னிச்சிடுங்க. எம் பொண்ணு எடுக்கட்டும்."

தட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்பா எடுத்தார். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதால் நானும் எடுத்தேன். சபையே அல்லேலூயா சொன்னது. அந்தச் சத்தத்தை நான் அடியோடு வெறுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா ட்ரம்பெட்டைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரண்மேல் போட்டார். இன்னாத்துக்குப்பா என்று கேட்டேன்.

மறு வாரம் வாலிபர் கூட்டத்தில் அதே பாட்டை மறுபடியும் போட்டார்கள். நான் போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கச் சொல்லி இன்னும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கேட்க மாட்டேன்.