ஷீட்டு ஓரத்துல நான் பூசுன சாணி

மாடு மாடிப்படி ஏறிப்போயி புது ஷீட்டுல சாணி போட்டுடுச்சுன்னு தெருவே பேசிக்கிதே, அந்த மாடு நான்தான்டி. உக்காரு, சொல்றேன். எதுத்த வீட்டுக்காரிக்குத் தெரியாம இருக்கலாமா?

எங்க மாடி ஒழுகுறதுதான் ஒனக்குத் தெரியுமே. சரியா வெத நெல்லு மூட்டை அடுக்கியிருக்கிற ரூமுக்கு மேலதான் ஒழுகும். அதுக்கு வேற எடமே கெடைக்கல. போன சம்பாவுக்கு ரெண்டு மூட்டை நனைஞ்சு, அடுக்குன எடத்துலயே மொளைச்சுப்போச்சு. திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் அலைஞ்சு வெத வாங்கியாந்தோம். இந்தத் தடவையும் நனைஞ்சா நாத்தங்காலு சும்மா கெடக்க வேண்டியதுதான்னு மருமவ பொலம்பவும், சிங்கப்பூர்ல இருக்கிற மவன் போன்லயே பேசி ஆளுங்கள அனுப்பிட்டான்.

தாரும் இல்ல, சிமெண்டும் இல்ல. சாம்பக் கலர்ல ரப்பர் கணக்கா ஷீட்டு. ஓரத்துமேல ஓரம் ஏறுறாப்ல பாயி மாதிரி விரிச்சாங்க. என் பேத்தி தலை காய வைக்க ஒரு மிஷினு வச்சிருக்கா பாரு, அதுக்கு அண்ணன் மாதிரி ஒண்ணு இருக்கு. அதால ரெண்டு ஓரத்துக்கும் நடுவுல அனல் காத்தை விட்டு, சின்ன உருளையால அமுக்குனா ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டிக்குமாம்.

பசையே இல்லாம எது ஒட்டும்? எனக்கு மனசு கேக்கல. விரிச்சுப்போட்டுட்டு அவங்க கீழ சாப்பிட வந்தாங்க. வெள்ளிக்கெழம வேற. புது எடம் வெறிச்சுனு கெடக்கலாமா? ஒரு வாளி சாணியக் கரைச்சுக்கிட்டு மேல போனேன். இந்த முட்டிவலி அன்னைக்கு மட்டும் எங்க போச்சுன்னு தெரியல. தெளிச்சேன், கோலம் போட்டேன். அதோட நிறுத்துனேனா? களத்தை மெழுகுனாத்தானே வெடிக்காம இறுகும்? ஒரு பக்கத்து ஓரம் முழுக்கத் தூக்கி, உள்ள கெட்டியா பூசி அமுக்கி வச்சேன்.

மேஸ்திரி வந்து மிஷினை வச்சாரு. சாணி வேகுற வாடை கீழ அடுப்படி வரைக்கும் வந்துச்சு. ஒட்டுன எடத்தை நெம்பிப் பாத்தாரு. அப்பளமாட்டம் பிரிஞ்சு வந்துடுச்சு.

"யாருங்க இதுல சாணி பூசுனது?"

"மாடு ஏறியிருக்கும் தம்பி."

"கோலமும் மாடுதான் போட்டுச்சாங்க ஆத்தா?"

பின்னாலயே மருமவ. "மாட்டுக்கு வெள்ளிக்கெழம கூடத் தெரியுது பாருங்க அத்தை."

மேக்கால பாத்தா வானம் கருத்துக்கிட்டு வருது. கீழ வெத நெல்லு. "நான்தான் தம்பி, எப்படியாவது ஒட்டிக் குடுத்துடுங்க"ன்னேன்.

"தூசி இருந்தாலே ஒட்டாதுங்க ஆத்தா. நீங்க மெழுகியே வச்சிருக்கீங்க."

நான் பூசுனதை நானே ஈரத்துணியால தொடைச்சேன், முந்தானை வரைக்கும் சாணி. தேங்கா நார எடுத்தேன், கீறல் விழும்னு அதையும் புடுங்கிக்கிட்டாரு. அவங்க காயவச்சு, என்னமோ தண்ணியால மறுபடி தொடைச்சு, ஒட்டுக்குமேல ஒரு பட்டையும் சேத்து ஒட்டி முடிக்கவும் மழை புடிக்கவும் சரியா இருந்துச்சு.

நான் மூட்டைமேல ஏறி உக்காந்து, அண்ணாந்து பாத்துக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் வரைக்கும் பேஞ்சுது. ஒரு சொட்டு எறங்கல. சந்தோஷம் தாங்கலடி. கொஞ்சம் ஏமாத்தமுந்தான், சாணியே இல்லாம ஒட்டிக்கிச்சே.

அந்த வெதையத்தான் நேத்து தொட்டியில ஊறப்போட்டோம். பேசிக்கிட்டே நேரம் போயிடுச்சு பாரு, இதுக்கு மேல ஊறுனா அழுகிடும். எந்திரி, மூட்டையோட அந்த முனையப் புடி, தூக்கித் தண்ணி வடிய வைப்போம்.