கடைசி ரீலை முதலில் ஓட்டினேன்

மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் நான் வேன் சினிமா ஆப்பரேட்டர். நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் படம் காட்டுவது வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி. ஆறு மணிக்கு ஊரடங்கு, கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அதனால் பிற்பகலிலேயே ரப்பர் ஸ்டோர் ஜன்னல்களில் கோணி கட்டி, இருட்டாக்கிப் படம் போடுவோம். வழியில் யார் சுடுவார்கள் என்று தெரியாது. ஐந்துக்கெல்லாம் வேன் கிளம்பியாக வேண்டும்.

அப்போது கையிலிருந்த படம் நாலு ரீல். ஓர் அண்ணனும் தங்கையும் வீட்டைவிட்டுப் பட்டணத்துக்கு ஓடுகிறார்கள். ஒரு புரோக்கர் புதுத் துணி எடுத்துக்கொடுத்து, வேலை தருவதாக அழைத்துப் போகிறான். மூன்றாவது ரீல் அதோடு முடியும். நாலாவதில்தான் அவன் இருவரையும் அறையில் பூட்டி, அண்ணனைத் திருட அனுப்பி, தங்கையை விற்கப் பார்ப்பான். அதற்கு எந்தத் தோட்டத்திலும் நேரம் இருந்ததில்லை. மற்ற ரீல்கள் ஓடி ஓடிக் கீறல் விழுந்து திரையில் மழை பெய்யும்; கடைசி ரீல் புதுசாகவே இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது சந்தோஷமான படம்.

பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அதே படத்தோடு இரண்டாம் முறை போனேன். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் அஞ்சலை வேனருகே வந்தார்.

"தம்பி, எம்மவ ராசம்மா நாளைக்குக் கோலாலம்பூரு போறாளாம். எவனோ வேல வாங்கித் தரானாம். ஒம்படத்தப் பாத்ததுலேருந்து இதே பேச்சு. நான் சொன்னா காதுல ஏறல."

நான் நாலாவது ரீலை முதலில் மாட்டினேன். ஸ்டோரே கத்தியது.

"டேய் ஆப்பரேட்டரு, தூங்கிட்டியா? தலயும் புரியல, வாலும் புரியல!"

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஓடிவந்தார். "என்னய்யா இது? மொத ரீலப் போடுலா!"

பெட்டி மாறிவிட்டது என்று புளுகினேன். ராசம்மா மட்டும் கத்தவில்லை. படத்தில் புரோக்கர் கதவைப் பூட்டியபோது எழுந்து நின்றவள்தான், பின்னாலிருந்தவர்கள் திட்டியும் உட்காரவில்லை.

வயர் சுருட்டும்போது என்னிடம் வந்தாள்.

"அண்ணே, அந்தாளுகூட நான் போகல."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அவள் நகரவில்லை.

"அங்க ரூமுல வெச்சுப் பூட்டுறான். இங்க ஆறு மணிக்குப் பூட்டுறாங்க. பூட்டாத ஊரு படம் ஏதாச்சும் வெச்சிருக்கியாண்ணே?"

"இல்லம்மா" என்றேன். ஐந்தாகிவிட்டது. வேனை எடுத்தேன்.

போகாதே என்று சொல்ல ஒரு ரீல் போதும். எங்கே போவது என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.