பையில் போன மவுஸ்

குடிநீர் ஆபீசில் அவளுக்குக் கோடக்கா என்றுதான் பெயர். பதினெட்டு வருடமாக, மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களுக்கு வரைபடத்தில் கோடு இழுக்கிறவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? முன்பு காகிதத்தில் இழுத்தாள், இப்போது கம்ப்யூட்டரில். காகிதம் ஒரு நாளும், "எந்த முறையில் காட்டட்டும்?" என்று அவளைக் கேட்டதில்லை. இந்தப் பாழாய்ப்போன வரைபட மென்பொருள் கேட்கும்.

படம் காட்ட அதில் இரண்டு முறைகள். அவற்றின் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஒன்றை வேகம் என்றார்கள், மற்றதை நிதானம் என்றார்கள். வேகத்தில் தெருக்கள் வழுக்கிக்கொண்டு ஓடும், நிறமெல்லாம் பளபளக்கும். ஆனால் இரண்டு குழாய் ஒன்றன்மேல் ஒன்றாகப் போனால், ஈரத்துணி ஒட்டிக்கொண்ட மாதிரி, அடியிலிருப்பது காணாமல் போய்விடும். நிதானத்தில் எல்லாம் தெரியும். தெரிவதற்குள் உயிர் போய்த் திரும்பும்.

பெரிய திரை அவள் மேசையில்தான் இருந்தது. வருகிற அதிகாரிகளுக்குப் படம் ஓட்டிக் காட்ட ஆசைப்பட்டு, சூப்பரின்டென்ட் தினமும் காலையில் வேகத்தை வைத்துவிட்டுப் போவார். அவள் நிதானத்துக்கு மாற்றுவாள். மாற்றினால் மூடித் திறக்க வேண்டும். திறக்கக் கால் மணி நேரம். ஒரு வருடமாக இதே கூத்து.

அவள் இரண்டு நாள் லீவில் போன நேரம் பார்த்து ஒரு சந்துக்குத் தண்ணீர் நின்றுபோனது. சூப்பரின்டென்ட் வேகத்திலேயே பார்த்து இடம் சொன்னார். இரண்டு குழி வெட்டினார்கள், இரண்டும் தப்பு. பழி மட்டும் லீவு முடிந்து வந்தவள் தலையில்.

"உங்க கோடுதாம்மா தப்பு. மூணாவது குழியும் சொதப்பினா, நீங்க புகார் ஜன்னல்ல போய் உக்காருங்க" என்றார் சூப்பரின்டென்ட்.

போதாக்குறைக்கு அவள் நாத்தனார் வீடு அதே சந்தில். "அண்ணி, ரெண்டு நாளா குளிக்கல. உங்க கோட்டைக் கரைச்சுத் தலையில ஊத்திக்கவா?"

கோடக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நிதானத்தை வைத்தாள். படம் அங்குலம் அங்குலமாக விரிந்தது. அவள் நினைத்தது சரி. புதுக் குழாய்க்கு அடியில் பழைய குழாய், அதில் ஒரு வால்வு, தையல்காரர் கடைப் படியிலிருந்து மூன்றடியில். சந்துக்குத் தண்ணீர் போவதே அது வழியாகத்தான்.

"மறுபடி மாத்திட்டீங்களா? பதினோரு மணிக்குப் பெரியவர் வர்றார். படம் ஓடணும்!" என்று சூப்பரின்டென்ட் மவுஸுக்குக் கை நீட்டினார்.

அவள் மவுஸைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "முதல்ல தண்ணி ஓடட்டும் சார்."

பிறகு குழி வெட்டும் மேஸ்திரிக்குப் போன் செய்து இடத்தைச் சொன்னாள்.

"அக்கா, இந்தக் குழியும் தப்புன்னா ஜனங்க என்னை உள்ள இறக்கி மூடிடுவாங்க. நிச்சயந்தானே?"

"நான் இழுத்த கோடுய்யா. வெட்டு."

பெரியவர் வந்தார். அசையாத படத்துக்கு முன்னால் சூப்பரின்டென்ட் வியர்த்துக் கொட்டினார். அப்போது போன் அடித்தது. மேஸ்திரி போட்ட கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. "வால்வு கிடைச்சிடுச்சுக்கா! துருப்பிடிச்சு இறுகிக் கெடக்கு!"

"இதிலே பார்த்தா கண்டுபிடிச்சீங்க? சபாஷ்" என்றார் பெரியவர்.

"நாங்க எப்பவும் நிதானம்தான் சார்" என்றார் சூப்பரின்டென்ட், கண் இமைக்காமல்.

கோடக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது நாத்தனார் கூப்பிட்டாள். "தண்ணி வந்துடுச்சு அண்ணி. ஆனா கலங்கலா வருது."

போனை வைத்துவிட்டுக் கோடக்கா கைப்பையைத் தடவிப் பார்த்தாள். மவுஸ் பத்திரமாக இருந்தது. நாளைக் காலையில் சூப்பரின்டென்ட் எதை வைத்து மாற்றுகிறார், பார்க்கலாம்.