வீட்டைத் தாங்கும் கல், வானைத் தாங்கவில்லை

படுக்கையும் அடுப்பும் பூட்டிய எங்கள் வான் வண்டியைக் குச்சவெளிக் கடற்கரையில் நிறுத்தினோம். நிலம் சரிவு, படுத்தால் உருளுவோம். பள்ளத்துப் பக்கச் சக்கரச் சில்லை உயர்த்த, அடியில் வைக்கும் சரிவுக்கட்டை வாங்குவோம் என்று முதலே சொல்லியிருந்தேன். நண்பன் றொஷான் விடவில்லை.

"உனக்கென்ன விசரா? வீட்டையே தாங்கிற சீமெந்துக் கல்லு, வானைத் தாங்காதோ?"

வீம்புக்கு நானும் எஞ்சினை முடுக்கி, சில்லைக் கல்லில் ஏற்றத் தொடங்கினேன். அவன் சில்லடியில் கையை விட்டுக் கல்லை நேராக்கியபடி, "வா, வா" என்றான்.

"கையை எடடா, மடையா" என்று கத்தினேன்.

முறைத்துக்கொண்டே எடுத்தான். மறுநொடி, உள்ளே பொள்ளலான அந்தக் கல் நொறுங்கி, கையிருந்த இடத்தில் சில்லு இறங்கியது.

"கல்லு சரியில்லை மச்சான்."

"கல்லில பழி போடாத. ஏத்தின நானும் மடையன்தான்."

இப்போது அகலமான மரச் சரிவுக்கட்டைதான். மணலென்றால் அடியில் பலகையும் வைப்பேன். சில்லருகே எவன் நின்றாலும் எஞ்சினைத் தொடமாட்டேன். றொஷான் கோபித்தால் கோபிக்கட்டும், பத்து விரலோடு கோபிக்கட்டும்.