அக்கெரோன் ஆற்றுப் படகுக்காரர்

லாம்ப்ரோஸ் இருபத்தாறு வருஷமாக அக்கெரோன் ஆற்றில் படகு ஓட்டுகிறார். அமுதியா துறையில் ஆட்களை ஏற்றி, நாணலுக்கு நடுவே பச்சைத் தண்ணீரில் மேலே போய்த் திரும்புவார். செத்தவர்களை எமனான ஹாரோஸ் படகில் பாதாளத்துக்குக் கொண்டுபோன ஆறு இது என்று பழங்கதைகளில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பச்சை போதாது. “இவ்வளவுதானா?” என்பார்கள். அவருக்கு எரியும்.

படகு அவருடையதல்ல, மனைவி வாசோவின் தம்பி ஃபோட்டிஸுடையது. இந்த ஜூனில் அவன் ஒரு கறுப்பு அங்கி தைத்துக்கொண்டு வந்தான்.

“அத்தான், இதப் போட்டுக்கிட்டு ஓட்டுங்க. நீங்கதான் ஹாரோஸ். ஜனம் குவியும் பாருங்க.”

“உங்க அக்காவுக்கு ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிருக்கு. எனக்குச் சாவு வேஷம் கட்டுறியாடா?”

“கதைதான அத்தான்!”

அமுதியாவில் அது வெறும் கதை இல்லை. இன்றும் யாராவது செத்தால் ஹாரோஸ் கொண்டுபோனான் என்றுதான் சொல்வார்கள். வேறு வழியில்லாமல் அங்கியோடு நின்ற முதல் நாளே ரொட்டிக்கடை எலெஃப்தெரியா அவரைப் பார்த்து, கெட்டது அண்டாமலிருக்கத் தன் மார்பில் மூன்று முறை துப்பிக்கொண்டாள்.

“நேத்துதான் உன் பொண்டாட்டிக்காக மெழுகுவத்தி ஏத்தினேன். நீ இந்தக் கோலத்துல நிக்கிற. வெக்கமா இல்ல?”

அவர் அங்கியோடே படகை அவிழ்த்தார்.

ஆபரேஷன் அன்று வாசோவை யோவானினா ஆஸ்பத்திரிக்கு ஃபோட்டிஸே காரில் கூட்டிப்போனான். ஜெர்மன்காரர்கள் நாற்பது பேர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தார்கள். “உங்கள விட்டா யாருக்கு ஓட்டத் தெரியும் அத்தான்?” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான்.

நடு ஆற்றில் ஒரு நெட்டையன் சிரித்துக்கொண்டே கேட்டான்: “இன்னைக்கு யாரக் கொண்டுபோறீங்க?” படகே சிரித்தது.

லாம்ப்ரோஸ் எஞ்சினை நிறுத்தினார். அங்கியைக் கழற்றிச் சுருட்டிக் காலடியில் எறிந்தார்.

“யாரையும் இல்ல. இது ஆறு. தக்காளிக்கும் சோளத்துக்கும் தண்ணி பாயுற ஆறு. அதோ, ஆமை வெயில் காயுது. பாக்க இஷ்டம்னா பாருங்க, இல்லன்னா கண்ண மூடிக்கிட்டு உக்காருங்க!”

அரைகுறை ஜெர்மனில் சொன்னாலும் எல்லோருக்கும் புரிந்தது. மறுபடி எஞ்சினைக் கிளப்பிப் படகைத் திருப்பினார்.

வாசோ பிழைத்துக்கொண்டாள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தவளிடம் நடந்ததைப் பெருமையாகச் சொன்னார். அவள் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏன் மனுஷா, ஹாரோஸ் என்ன துணியப் பாத்தா வருவான்? போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல. இனி கோடை முழுக்க நீங்களும் என் தம்பியும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிவீங்க.”

யாருக்காகக் கழற்றினாரோ அவளே இப்படிச் சொல்லிவிட்டாள். லாம்ப்ரோஸ் சூப்பைத் தொடாமல் எழுந்து துறைக்குப் போய்விட்டார்.

அங்கியைப் போட்டு ஓட்ட ஃபோட்டிஸ் பிரேவேசா ஊரிலிருந்து ஒரு நாடக நடிகனைக் கொண்டுவந்தான். மணல்திட்டு எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. இரண்டு முறை படகைத் தரைதட்ட வைத்தான். ஜனம் அதற்கும் கைதட்டியது. லாம்ப்ரோஸுக்குக் கிடைத்தது விடியற்காலைச் சின்னப் படகு, பறவை பார்க்க வரும் ஆறேழு பேர்.

பேச்சில்லாத ஆட்கள், இவர்களோடாவது நிம்மதி என்றிருந்தார். போன வாரம் அவர்களில் ஒருத்தி பைனாகுலரைக் கீழே இறக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “பாதாளத்து வாசல் எந்தப் பக்கம்?”

லாம்ப்ரோஸ் எஞ்சினை ஒரேயடியாக முறுக்கினார். நாணலிலிருந்த கொக்குகள் அத்தனையும் பறந்துபோயின.