மதியத்தில் தவறவிட்ட கருவி

காலை 6.10. மதுரை மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பேருந்து கிளம்பியபோது எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. செல்வியின் கருவி வேலை செய்யக் கூடாது.

செல்வியும் நானும் பெங்களூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள். விண்வெளியிலிருந்து வரும் துகள்களைப் பிடித்து எண்ணுவது எங்கள் வேலை. துகள் மோதினால் படிகம் மிக லேசாக மினுங்கும். ஒளியுணரி அதைக் கண்டுகொள்ளும். நான்கு வருடங்களுக்கு முன் அவள் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது, பாவம் என்று நினைத்தேன். போன மாதம் அழைத்தாள். அதே படிகத்தைப் பேனா அளவுக் கருவிக்குள் அடைத்திருக்கிறாளாம். மார்பகப் புற்றுநோய் அறுவையில், ஊசி வழியே ஏற்றிய கதிரியக்க மருந்து முதலில் சேரும் நெறிக்கட்டியை அது ஒலித்துக் காட்டும். அதில் நோய் இல்லையென்றால் அக்குளில் மற்றவற்றை வெட்டாமல் விடலாம். நானோ இத்தனை வருடமும் கட்டுரைகள் மட்டுமே எழுதியிருக்கிறேன்.

8.15. செல்வி சொன்னபடி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கினேன். ஸ்கூட்டரோடு நின்றாள். "ஏட்டி, மெலிஞ்சு போயிட்டியே" என்றாள். ராஜபாளையம் வரை பன்னிரண்டு கிலோமீட்டரும் அவள்தான் பேசினாள். வலப்பக்கம் மலை கூடவே வந்தது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

9.00. நூல் மில்களுக்கு உதிரிபாகம் கடையும் லேத் பட்டறை. அதன் பின்னறைதான் அவளுடைய ஆய்வுக்கூடம். கருவியின் உலோக முனையைக் கடைந்தவர் பட்டறைக்காரர் முத்தையா. மயிரிழை பிசகில்லை. மெழுகுக் கட்டிக்குள் சிறு கதிரியக்கத் துணுக்கை ஒளித்து என்னிடம் நீட்டினாள் செல்வி. கருவியின் முனையை அதன் மேல் மெல்ல நகர்த்தினேன். ஓரிடத்தில் கருவி படபடவென ஒலித்தது. என் ஆசை பலிக்கவில்லை.

12.30. தகரக் கூரை காய்ந்தது. அதே கட்டி, அதே இடம். ஒலி மெல்லக் குறைந்து அடங்கிவிட்டது.

"மூணு வாரமா இதேதான். காலையில கண்டுபிடிக்குது, மத்தியானம் விட்டுருது. போர்டுக்கு ஃபேன்கூட வச்சுப் பாத்துட்டேன். ஒனக்கு ஏதாச்சும் தோணுதா?"

தோன்றியது. சூடேறியது போர்டு அல்ல, முனைக்குள் இருந்த ஒளியுணரி. அவள் போன பிறகு எங்கள் கூடத்தில் ஏசி பழுதான ஒரு கோடையில் நான் பட்ட பாடு இது.

"இல்லையே" என்றேன். மதியச் சாப்பாட்டில் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கினேன்.

2.40. முத்தையா பைக்கில் என்னைப் பேருந்து நிலையத்தில் இறக்கினார்.

"அந்த மெஷினு தேறிருமா மேடம்?"

"தெரியலைங்க."

"எங்க வீட்டுக்காரிக்கு ஆபரேசன்ல கக்கத்துல இருந்த அம்புட்டு கட்டியையும் எடுத்துட்டாக. கை வீங்கிப் போயி ஜாக்கெட் போட முடியல. இனி வாரவுகளுக்காச்சும்..." முடிக்காமல் பைக் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதுரைப் பேருந்து ஹாரன் அடித்தது. "வண்டியைத் திருப்புங்க" என்றேன்.

3.10. வழியில் வாங்கிய ஐஸைப் பையில் போட்டு முனையைச் சுற்றிக் கட்டினேன். சில நிமிடங்களில் ஒலி திரும்பியது.

"மத்தியானமே தெரியுமா?" என்றாள் செல்வி.

"தெரியும்."

அவள் நோட்டைத் திறந்தாள். சூடு ஏற ஏற ஒளியுணரிக்கு மின்னழுத்தத்தைக் கூட்டித் தர வேண்டும் என்று விளக்கினேன். அதைச் செய்ய எனக்கு ஒரு கோடை முழுக்கத் தேவைப்பட்டது. அவள் முனையைக் கழற்றி, கடுகளவு வெப்ப உணரியைப் பற்றவைத்து, நிரலைத் திருத்தி ஆறு மணிக்குள் முடித்துவிட்டாள். முத்தையா லேத்தை நிறுத்திவிட்டு, ஐஸ் இல்லாமலே வந்த அந்த ஒலியைக் கேட்டபடி நின்றார்.

6.45. திரும்பும் பேருந்து. அந்த ஒரு கோடை தவிர, எங்கள் கூடத்தில் எப்போதும் இருபத்திரண்டு டிகிரி. அங்கே யாரும் வந்து என்னிடம், இது தேறிருமா என்று கேட்டதில்லை.

கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது செல்வியிடமிருந்து செய்தி வந்தது. "இந்தக் கருவி பத்தின கட்டுரையில ஒம் பேரையும் போடுறேன்."

யார் பெயர் முதலில் என்று தட்டினேன். பிறகு அதை அழித்துவிட்டு, சரி என்று மட்டும் அனுப்பினேன்.